ஒரு தேர்வுக் கட்டணமும் ஒரு மொய் நோட்டும்

2024 இல், இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்க விரும்பிய, என்னிடம் படித்த ஒரு பெண்ணின் ஆங்கிலத் தேர்வுக் கட்டணத்துக்காக நண்பர்களிடமும் பழைய மாணவர்களிடமும் பணம் கேட்டேன். 41 பேர் கொடுத்தார்கள். இந்த மாதம் இன்னொரு பெண்ணுக்காக மீண்டும் கேட்க இருக்கிறேன். சென்ற முறை நேரிலும் தொலைபேசியிலும் பலர் எழுப்பிய கேள்விகளுக்கு அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அந்தப் பதில்களை எழுதிவிட்டுக் கேட்பதுதான் முறை என்று தோன்றுகிறது.

அந்த முதல் பெண்ணின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பேராவூரணிப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கில ஆசிரியராக இருந்தபோது, தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். 2016 இல் கல்விக் கடன் வாங்கி பி.எஸ்சி. நர்சிங்கில் சேர்ந்தாள். அவள் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. அவள் அப்பாவின் தோப்பில் நின்றவை பதினோரு மரங்கள். சாய்ந்த இடத்தில் கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடம் ஆகும் என்பதும், கல்விக் கடனின் தவணை அத்தனை வருடம் காத்திருக்காது என்பதும் எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. படிப்பை முடித்துத் திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்தவளுக்கு, நான் பணம் திரட்டிய 2024 இல் மாதச் சம்பளம் 15,500 ரூபாய். உச்ச நீதிமன்றம் சொன்னதன் பேரில் மத்திய அரசு அமைத்த குழு, 50 படுக்கைக்கும் குறைவான சிறிய மருத்துவமனையில்கூடச் செவிலியர் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று 2016 ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்துவிட்டது. எட்டு ஆண்டு கழித்தும் அந்தத் தொகையை இவள் கண்ணால் பார்க்கவில்லை.

இங்கிலாந்தில் செவிலியராகப் பதிவு செய்துகொள்ள ஆங்கிலத் தேர்வு ஒன்றில் தேற வேண்டும். நர்சிங் பட்டப்படிப்பு இங்கே முழுவதும் ஆங்கிலத்தில்தான் நடக்கிறது என்றாலும், நம் ஊரில் படித்தவர்களுக்கு அது மட்டும் போதாது. ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆகிய இரண்டில் ஒன்றை எழுதியாக வேண்டும். ஓ.இ.டி. என்பது மருத்துவத் துறையினருக்கென்றே 1980களின் இறுதியில் ஆஸ்திரேலியாவில் உருவான தேர்வு. அவள் தேர்ந்தெடுத்தது இதைத்தான். அப்போது கட்டணம் 587 ஆஸ்திரேலிய டாலர். அவளுடைய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற வசதி இல்லாததால் என் அட்டையில் கட்டினோம். வங்கியின் கூடுதல் கட்டணமும் சேர்ந்து 33,400 ரூபாய் போனது. அவளுடைய இரண்டு மாதச் சம்பளத்தைக் காட்டிலும் அது அதிகம். பாஸ்போர்ட் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்பதால் அதற்கு 1,500 ரூபாயை அவள் முன்பே செலவழித்திருந்தாள்.

பாதிச் செலவில் முடிகிற ஐ.இ.எல்.டி.எஸ். இருக்கும்போது இது எதற்கு என்று இரண்டு பேர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸின் எழுத்துப் பகுதியில் பொதுவான தலைப்பு ஒன்றைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்வார்கள், ஓ.இ.டி.யில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, அவரை இனிமேல் கவனிக்கப் போகிறவருக்கு 180 முதல் 200 சொற்களில் கடிதம் எழுதச் சொல்வார்கள். பேச்சுப் பகுதியில், பயந்துபோன நோயாளியாகவோ எரிச்சலில் இருக்கும் உறவினராகவோ ஒருவர் பேச, செவிலியர் பதில் சொல்ல வேண்டும். நான்கு வருடமாக நைட் டூட்டி பார்த்து, அறுவை சிகிச்சை முடிந்த முதியவரின் மகனுக்கு அதிகாலையில் நிலைமையைப் பொறுமையாக எடுத்துச் சொல்லிப் பழகிய ஒரு பெண்ணிடம், அவள் அறிந்த உலகத்தைப் பற்றிக் கேட்கிற தேர்வு எதுவோ அதைத்தானே அவள் எழுத வேண்டும்?

நேரடியாகக் கேட்கப்பட்ட கடினமான கேள்வி வேறு. “லட்சக்கணக்கில் சம்பாதிக்கப் போகிறவளுக்கு நாம் ஏன் கொடுக்க வேண்டும் சார்? அறுவை சிகிச்சைக்குக் கேட்டால் புரிகிறது” என்று என் பழைய மாணவர் ஒருவர் கேட்டார். இணையத்தில் நிதி திரட்டும் மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் நாம் பெரும்பாலும் பார்ப்பவை மருத்துவச் செலவுக்கான வேண்டுகோள்கள்தான். தேர்வுக் கட்டணம் உயிர்போகிற காரியம் அல்ல. ஆனாலும் அது எந்த நேரத்தில் கேட்கப்படுகிறது என்பதை யோசித்துப் பாருங்கள். பிறகு வரும் செலவுகள் இதைவிடப் பெரியவை; இங்கிலாந்துக்குப் போன பின் எழுத வேண்டிய செய்முறைத் தேர்வின் கட்டணம் மட்டும் 794 பவுண்டு. ஆனால் வேலை கொடுக்கும் மருத்துவமனை ஒன்று கிடைத்துவிட்டால் அந்தச் செலவுகளை அது ஏற்கவோ பிறகு திருப்பித் தரவோ பெரும்பாலும் வழி உண்டு. முதல் கட்டணம்தான், அவள் யாரென்றே எந்த மருத்துவமனைக்கும் தெரியாத நாளில், அவளுடைய கை மிகவும் வறண்டிருக்கும் நாளில் கேட்கப்படுகிறது. லட்சங்கள் வருகிற நாளில் அவளுக்கு நம் உதவி தேவைப்படாது. இன்று வட்டிக்கு வாங்கினால் அந்த லட்சங்களில் ஒரு பங்கு வேறொருவருடைய வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு வட்டாரத்தில் ஆடி மாதம் வந்தால் மொய் விருந்து நடப்பது பலருக்கும் தெரியும். பந்தல் போட்டுக் கறிச் சோறு போடுவார்கள். சாப்பிட்டு எழுந்தவர் மேசைக்கு வந்து பணம் கொடுப்பார். பெயரும் ஊரும் தொகையும் நோட்டில் ஏறும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டியவர்கள், கடை வைத்தவர்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கூட்டு நிதி என்று இன்று நாம் சொல்வதற்கு வெகு காலத்துக்கு முன்பே அந்தப் பழக்கம் இங்கே வேரூன்றியிருந்தது. அதில் நான் மிகவும் மதிக்கிற அம்சம் ஒன்று உண்டு. விருந்து வைப்பவர் தன் கஷ்டத்தை யாரிடமும் காட்ட வேண்டியதில்லை. நல்ல வேட்டி கட்டிக்கொண்டு வாசலில் நின்று, வாங்க என்று கும்பிட்டு வரவேற்பார். வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு யாரும் மொய் எழுதுவதில்லை.

அவள் பெயரையும் ஊரையும் நான் மறைப்பதற்குக் காரணம் இதுதான். பணம் திரட்டத் தொடங்கியபோது, விவரம் தெரிந்த நண்பர் ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒரு யோசனை சொன்னார்: அவளையும் அவள் அம்மாவையும் அந்த ஓட்டு வீட்டின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்துப் போட்டால் பணம் சீக்கிரம் சேரும் என்றார். சேர்ந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தப் படம் அவளோடு வாழ்நாள் முழுவதும் இருக்கும். நாளை அவள் பொறுப்பேற்கும் வார்டில் அவளுக்குக் கீழே வேலை பார்ப்பவர் தேடினாலும் அது கிடைக்கும். 33,400 ரூபாய்க்கு ஒருவரிடம் இவ்வளவு பெரிய விலை கேட்கும் உரிமை நமக்குக் கிடையாது. அவள் வேலைச் சான்றையும், தேர்வு விண்ணப்பத்தையும், கட்டணம் கட்டிய ரசீதையும் பணம் கொடுத்தவர்களுக்குக் காட்டினேன். கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது பணம் சொன்ன இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான்.

மொய்யிலிருந்து நான் எடுத்துக்கொள்ளாததும் ஒன்று உண்டு. மொய் திரும்பிச் செலுத்த வேண்டிய கடன். கொடுத்தவர் வைக்கும் விருந்தில் வாங்கியதைத் திருப்பி, அதற்கு மேல் புது மொய்யும் வைத்தால்தான் மரியாதை. புயலுக்குப் பிறகு அந்தக் கணக்கைத் தீர்க்க முடியாமல் தலைகுனிந்து திரிந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தேர்வுக் கட்டணத்தில் அந்தச் சுமை வரக் கூடாது என்று நினைத்தேன். ஏன் என்பது முதல் முடிவு வந்த அன்று எல்லாருக்கும் புரிந்திருக்க வேண்டும்.

2024 மே மாதம் சென்னைக்குப் போய் எழுதினாள். ஓ.இ.டி.யில் ஒவ்வொரு பகுதிக்கும் 500 மதிப்பெண். இங்கிலாந்தின் செவிலியர் பதிவு மன்றம் கேட்பது வாசித்தல், கேட்டல், பேசுதல் மூன்றிலும் 350. எழுத்தில் மட்டும் 300 போதும். அவள் வாசித்தலில் 350, பேசுதலில் 370, எழுத்தில் 320. கேட்டலில் 340. மதிப்பெண் பத்துப் பத்தாகத்தான் ஏறும் என்பதால், ஒரே ஒரு படி.

அன்று இரவு முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. கேட்டல் பகுதியில் ஒலிப்பதிவை ஒரே ஒரு முறைதான் போடுவார்கள். ஆஸ்திரேலியர், பிரிட்டிஷ்காரர் என்று பலரும் தங்கள் இயல்பான வேகத்தில் பேசுவார்கள். இருபத்தெட்டு வருடம் ஆங்கிலம் கற்பித்த நான், ஒரு வகுப்பிலாவது ஓர் ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்க வைத்திருக்கிறேனா? இல்லை. பாடத்தை நான் வாசிப்பேன், அவர்கள் கேட்பார்கள்; வினா விடையை எழுதிப் போடுவேன், அவர்கள் மனப்பாடம் செய்வார்கள். அவள் கேட்ட ஆங்கிலம் என்னுடைய ஆங்கிலம். அந்த 10 மதிப்பெண்ணில் என்னுடைய பங்கு பெரிது என்பதை எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்கிறேன்.

மறுபடியும் 33,000 ரூபாய் திரட்ட வேண்டியிருந்தது. முதல் முறை கொடுத்த 41 பேரில் 17 பேர்தான் இரண்டாம் முறை கொடுத்தார்கள். மற்றவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, எல்லாருக்கும் குடும்பம் இருக்கிறது. வருத்தம் தந்தவை சில வார்த்தைகள். “நன்றாகப் படித்திருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும்” என்றார் ஒருவர். பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்து வந்து, விடுதி அறையில் மற்ற மூவர் தூங்கும்போது காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு படித்தவளைப் பற்றிய வார்த்தை அது. இந்த நிதி திரட்டலில் உள்ள பெரிய ஆபத்தே இதுதான். கொடுத்த கணத்திலிருந்து நாம் அவளுடைய உழைப்புக்கு மேற்பார்வையாளர் ஆகிவிடுகிறோம். அவள் சினிமாவுக்குப் போனாளா, புதுச் சுடிதார் போட்டிருக்கிறாளா என்று பார்க்கத் தொடங்குகிறோம். தேர்வு என்றால் தோல்விக்கும் அதில் இடம் உண்டு. தோற்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்க முடிந்தவர்கள் மட்டும் இந்தப் பணத்தைக் கொடுங்கள் என்று நான் மன்றாடிக் கேட்கிறேன்.

செப்டம்பரில் மறுபடி எழுதினாள். கேட்டலில் 360. வாசித்தலில் 340! மே மாதம் வாங்கியதைவிட ஒரு படி கீழே. முடிவைப் பார்த்ததும் அழுதுகொண்டே என்னை அழைத்து, “சார், எல்லாருடைய பணத்தையும் வீணாக்கிவிட்டேன்” என்றாள். ஆனால் அது வீணாகவில்லை. 12 மாதத்துக்குள் நான்கு பகுதிகளையும் இரண்டு முறை எழுதியிருந்து, எதிலும் குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போகாமல் இருந்தால், இரண்டு தேர்வுகளின் மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கில் எடுத்துக்கொள்ள அந்த மன்றத்தின் விதியில் இடம் உண்டு. முன்பு ஆறு மாதமாக இருந்த அந்தக் கால எல்லையை 2023 இல்தான் 12 மாதமாக நீட்டினார்கள். வாசித்தலுக்கு மே மாத மதிப்பெண், கேட்டலுக்குச் செப்டம்பர் மதிப்பெண் என்று அவள் தேறிவிட்டாள். அந்த 17 பேர் கொடுத்திருக்காவிட்டால் முதல் 41 பேர் கொடுத்ததும் சேர்ந்தே வீணாகியிருக்கும். ஆகவே இனிமேல் ஒரு தேர்வுக்கு மட்டும் பணம் திரட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இரண்டு முறைக்கான தொகையைத் திரட்டி, இரண்டாவது தேவைப்படாவிட்டால் அதை அடுத்தவருக்கு வைப்பதுதான் முறை.

இந்தப் பாரம் நம் தலையில் விழுவதே சரியா என்றும் கேட்க வேண்டும். இத்தேர்வுகள் பெரும் வணிகம். இந்தியாவில் ஐ.இ.எல்.டி.எஸ். நடத்தும் தன் தொழிலை 2021 இல் பிரிட்டிஷ் கவுன்சில் ஆஸ்திரேலியாவின் ஐ.டி.பி. நிறுவனத்துக்கு 130 மில்லியன் பவுண்டுக்கு விற்றது. அந்தத் தொழிலுக்கு அவ்வளவு மதிப்பைக் கொடுத்தது நம் பிள்ளைகள் கட்டுகிற கட்டணம்தான். அயல்நாட்டுச் செவிலியர் இல்லாமல் வார்டுகளை நடத்த முடியாத ஒரு நாடு, அவர்களுடைய முதல் தேர்வின் செலவை அவர்களிடமே விட்டிருப்பது நியாயம் அல்ல. கேரளத்தில், வெளிநாடுவாழ் கேரளத்தவருக்கான அமைப்பான நோர்க்கா வழியாக அரசே மொழிப் பயிற்சி நிலையம் தொடங்கி, வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசமாகக் கற்பிக்கிறது. நம்மிடமும் 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. அரசு நிறுவனமான தாட்கோ ஆதிதிராவிட, பழங்குடி மாணவர்களுக்கு இத்தகைய பயிற்சி தருகிறது. பயிற்சியோடு நிற்காமல், எல்லா ஏழைச் செவிலியருக்கும் தேர்வுக் கட்டணத்தை வட்டியில்லா முன்பணமாகவாவது அரசு கொடுத்தால், நான் இந்த நோட்டை மூடி வைத்துவிடுவேன்.

அவள் இன்னும் இங்கிலாந்து போகவில்லை. செவிலியர் பதிவுக்கு எழுத வேண்டிய கணினித் தேர்வை 83 பவுண்டு கட்டித் தன் சேமிப்பிலேயே எழுதித் தேறினாள். ஆனால் அங்கே வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டதால் மருத்துவமனைகளின் அழைப்புக்காகக் காத்திருக்கிறாள். ஆங்கில மதிப்பெண்ணுக்கு இரண்டு ஆண்டுதான் ஆயுள். அந்தக் கெடு நெருங்குவது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “இவ்வளவு கொடுத்தும் போகவில்லையே” என்று நேற்றும் ஒருவர் கேட்டார். போனாலும் போகாவிட்டாலும் அந்தப் பணம் அவளுடையது.

இப்போது கேட்பது, அவளுடைய மருத்துவமனையிலேயே வேலை பார்க்கும் இன்னொரு பெண்ணுக்காக. படம் இருக்காது, பெயர் இருக்காது. பணம் கொடுத்தவர்கள் எல்லாருக்கும் கட்டணம் கட்டிய ரசீதை அனுப்புவேன். முடிவு வந்ததும் அதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவள் முடிவு செய்வாள். புது நோட்டின் முதல் பக்கத்தில் இதுவரை ஒரு வரிதான் ஏறியிருக்கிறது: 500 ரூபாய், திருச்சியிலிருந்து, நைட் டூட்டிக்குப் போகும் வழியில் ஜிபேயில் முதல் பெண் அனுப்பியது.