அடுத்தவன் கண்ணுக்குப் பயப்படுற நாம, நம்ம கண்ணை எப்போ பாக்குறது?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப்போட்டுட்டே இருந்த விஷயம் இது. குடியை விட்டேன், கடன் அடைஞ்சுது, வியாதி சொஸ்தமாச்சுன்னு சபையில எத்தனையோ சாட்சி கேட்டிருக்கேன். "எனக்கு என் அண்ணன் மேல பொறாமையா இருக்கு, ஜெபம் பண்ணிக்கோங்க"ன்னு ஒருத்தர் எந்திரிச்சு சொல்லி கேட்டதே இல்ல. அதனால நானே சொல்லிடுறேன்.

தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணி பக்கம் எங்களுக்கு தென்னந்தோப்பு. 2018 நவம்பர் 16 விடியக்காலைல கஜா புயல் அடிச்சுதே, அதுல எங்க தோப்புல 140 மரத்துல 11 தான் மிஞ்சுச்சு. விடிஞ்சு போய் பாத்தா தோப்புக்குள்ள வானம் தெரியுது. பொறந்ததுலேந்து அந்த எடத்துல நான் நெழல் தான் பாத்திருக்கேன். வரப்புக்கு அந்தப்பக்கம் நான் சொன்ன அண்ணன், எங்க பெரியப்பா மகன், அவரோட தோப்பு, அவருது நாலு வருஷத்து கன்னுங்க, குட்டையா இருந்ததால மட்டை கிழிஞ்சதோட தப்பிச்சிடுச்சு, எங்களுது காய்ப்புல இருந்த நெட்டை மரம், அதான் வேரோட புடுங்கிட்டு போச்சு.

அன்னைக்கு பொறாமை வரல. கரெண்டு இல்ல, குடிக்க தண்ணி இல்ல, சாஞ்ச மரத்தை அறுத்து வெளியேத்த மெஷினுக்கு அலையுறதுக்கே நேரம் சரியா இருந்துச்சு. அது வந்தது பின்னாடி, அண்ணன் கன்னுங்க பாளை தள்ள, அதாவது பூ விட ஆரம்பிச்சப்போ. நாங்க 2019ல புதுசா வச்ச தென்னம்புள்ளை அப்போ முழங்கால் ஒசரம் தாண்டி தான் நின்னுச்சு, நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறு ஏழு வருஷம் ஆகும்னு தெரியும், தெரிஞ்சும் மனசு கேக்கல.

விளைச்சலை ஆண்டவருக்கு காணிக்கையா படைக்கிற அறுப்பின் பண்டிகைக்கு அண்ணன் முதல் குலையை சர்ச்சுக்கு கொண்டாந்து வச்சாரு. ஏலம் விட்டாங்க. ஆளாளுக்கு ஏத்தி கேக்குறாங்க, அண்ணி கண்ணுல தண்ணி. நான் பாக்கெட்ல பணம் இருந்தும் வாயை தொறக்கல. எல்லாரும் கை தட்டுறப்போ நான் செல்போனை எடுத்து பாத்துட்டு இருந்தேன். அந்த நேரத்தை நெனச்சா இப்பவும் நெஞ்சு வலிக்குது.

அன்னைக்கு ராத்திரி வேதத்தை தொறந்தப்போ 1 சாமுவேல் 18, "சவுல் தாவீதைக் காய்மகாரமாய்ப் பார்த்தான்"னு இருந்துச்சு, காய்மகாரம்னா பொறாமை. பாத்தான்னு தான் போட்டிருக்கு, கவனிங்க. சவுல் ராஜா தாவீது மேல ஈட்டி எறிஞ்சதெல்லாம் அப்பறம் தான், மொதல்ல கெட்டது கண்ணு. இயேசு சொன்ன திராட்சத்தோட்டத்து உவமையிலயும் அதே தான், காலைல வந்தவனுக்கும் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரே கூலி, மொதல்ல வந்தவன் முறுமுறுக்குறான், எஜமான் கேக்குறாரு "நான் தயாளனாயிருக்கிறபடியால், நீ வன்கண்ணனாயிருக்கலாமா"ன்னு, வன்கண்ணன்னா பொறாமைக் கண்ணுள்ளவன். காலைல வந்தவனுக்கு பேசுன கூலில ஒரு காசு கொறையல. அடுத்தவன் கையை பாத்ததுக்கு அப்பறம் தான் அவன் கூலி அவனுக்கு கொறைவா தெரிஞ்சுது. எங்க பக்கம் புது வீடு கட்டினாலும் கன்னு வச்சாலும் ஊர் கண்ணு பட்டுடும்னு பயப்படுவோம், விசுவாசிங்களும் தான், வெளில சொல்லிக்கிறதில்ல. கர்த்தர் கேக்குறது என் கண்ணைப் பத்தி.

அண்ணன் மரம் நின்னதால என் மரம் சாயலைன்னு புத்திக்கு உடனே புரிஞ்சுது, மனசுக்கு புரிய மாசக்கணக்காச்சு. பொறாமைப்படக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுட்டு இருந்தா அது போகாதுங்க, என் அனுபவத்துல சொல்றேன். நான் பண்ணது ஒண்ணே ஒண்ணு, தெனம் அண்ணன் பேரை சொல்லி, அவர் தோப்பை சொல்லி, ஆசீர்வதியும் ஆண்டவரேன்னு கேட்டேன். மொதல் ஒரு மாசம் வெறும் வாய் தான் சொல்லுச்சு, சில நாள் பாதியிலயே எந்திரிச்சுட்டேன். சந்தோஷப்படுறவங்களோட சந்தோஷப்படுங்கன்னு ரோமர் 12ல பவுல் எழுதுனது, அழுறவங்களோட அழுறதை விட எவ்வளவு கஷ்டம்னு அப்போ தான் தெரிஞ்சுது.

அப்பறம் ஒரு நாள் அண்ணன் தோப்புல தேங்கா வெட்டு, ஆள் பத்தலன்னு கேள்விப்பட்டு நானே போனேன். கடப்பாரையை நட்டு ரெண்டு பேரும் எதிரும் புதிருமா மட்டை உரிச்சிட்டு இருந்தோம், ஒரு மணி நேரம் பேச்சே இல்ல. திடீர்னு அண்ணன் நிமிராமலே சொன்னாரு, "தம்பி, புயல் அடிச்ச அன்னைலேந்து உன் மூஞ்சியை நேரா பாக்கவே எனக்கு கூச்சமா இருக்குடா. என்னுது நிக்குது, உன்னுது போச்சு, நான் என்னடா பண்ணுவேன்." இத்தனை வருஷம் அவர் சந்தோஷமா இருக்காருன்னு நெனச்சு தான் நான் எரிஞ்சுட்டு இருந்தேன், அந்த மனுஷன் அவர் காயை அவரே நிம்மதியா வெட்டல. என் பார்வை அவர் மேல அப்படி ஒரு பாரமா இருந்திருக்கு. நான் ஏலத்துல வாய் தொறக்காததை பத்தி சொல்லி மன்னிப்பு கேட்டேன். "பாத்தேன்டா"ன்னு மட்டும் சொன்னாரு.

இப்பவும் சுத்தமா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், லோடு ஏத்துற வண்டி அவர் தோப்பு வாசல்ல நிக்கிறப்போ ஒரு முள்ளு குத்தும், அப்போ அங்கேயே நின்னு அவர் பேரை சொல்லி ஜெபம் பண்ணிடுவேன். எங்க தென்னம்புள்ளைங்க இன்னும் பாளை தள்ளல. அண்ணன் தான் தெனம் சாயங்காலம் வரப்பு தாண்டி வந்து ஒவ்வொரு கன்னா குருத்தை விலக்கி பாத்துட்டு போறாரு.