கண்டுதானே குடிக்குது என்று ஊற்றும் பால்

போன கிழமை மட்டக்களப்பு படுவான்கரையில் மச்சானின் பட்டிக்குப் போயிருந்தேன். ஒரு பசுவுக்கு மடி வீங்கி அன்டிபயோட்டிக் ஊசி போட்டிருந்தார்கள். ஊசி போட்ட மாட்டின் பாலைச் சில நாளைக்கு விற்கக் கூடாது, அது மச்சானுக்கும் தெரியும், விற்கவும் இல்லை. ஆனால் கறந்ததை அப்படியே கன்றுகளுக்கு வாளியில் வைத்துவிட்டார். கேட்டால், "கண்டுதானே குடிக்குது, கொட்டச் சொல்றியா?" என்கிறார்.

மச்சானைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பாலைக் கொட்ட எந்த மாட்டுக்காரருக்கும் மனம் வராது. ஆனால் அந்தப் பாலில் அன்டிபயோட்டிக் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கன்றின் குடலில் ஈ.கோலை உட்பட கோடானுகோடி கிருமிகள், பெரும்பாலும் கெடுதல் செய்யாதவை. அந்தக் கொஞ்ச மருந்துக்குச் சாகிறவை செத்துப்போக, சாகாதவை இடம்பிடித்துப் பெருகும். அதோடு நின்றாலும் பரவாயில்லை, மருந்தைத் தாங்கும் மரபணுவை அவை பக்கத்திலிருக்கும் வேறு இனக் கிருமிக்கும் கைமாற்றிவிடும். இந்தப் பாலைக் குடித்த கன்றுகளின் சாணத்தில் மருந்துக்கு மசியாத ஈ.கோலை கூடுதலாக வெளியேறுகிறது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017 இலேயே சொல்லிவிட்டது. காய்ச்சிக் கொடுத்தால் சரிதானே என்பார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், மருந்து பெரும்பாலும் அப்படியே கிடக்கும்.

அப்புறம் கழிச்சல். கன்று கழிந்தவுடன் ஊசி தேடி ஓடுகிறோம். இளங்கன்றுகளுக்கு ரொட்டா வைரசாலும் கழிச்சல் வரும், வைரசை அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. கன்று சாவது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் வற்றித்தான், அதனால் முதலில் நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல் (ஓ.ஆர்.எஸ்.) கொடுங்கள், ஊசி வேண்டுமா என்பதை மிருக வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும். பிறந்த சில மணி நேரத்துக்குள் கடும்புப் பால், அதாவது தாயின் முதல் பால், வயிறு நிறையக் குடித்த கன்றுக்கு நோயைத் தாங்கும் சக்தியும் அதிகம்.

சாணம் பட்டியிலேயே கிடப்பதில்லை. வயலுக்குப் போகிறது, மரக்கறித் தோட்டத்துக்குப் போகிறது, மாரி வெள்ளத்தில் கிணற்றுக்கும் போகலாம். மருந்துக்கு மசியாத கிருமி பெருக மனிதர் தேவையில்லாமல் விழுங்கும் மாத்திரைதான் பெரிய காரணம், மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் பெரும்பாலும் இதே ஈ.கோலை இனக் கிருமிதான் காரணம். அந்த நேரத்தில் மருந்துக்கு அது மசியாவிட்டால் என்ன செய்வோம்?

அன்றைக்கு மிஞ்சிய பாலைக் கிணற்றுக்குத் தூரமாகக் குழி வெட்டி ஊற்றினோம். "நாலு நாள் பால் காசை ஆர் தருவார்?" என்று மச்சான் கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பால் வேண்டாம் என்கிறவர்களும் ஊசி போடுகிறவர்களும் அவரோடு உட்கார்ந்து அதற்குப் பதில் சொல்ல வேண்டும், நட்டம் முழுவதையும் அவர் தலையில் கட்டிவிட்டுப் போகக் கூடாது.