துரத்த வேண்டாம், அடி பார்ப்போம்

போன சனிக்கிழமை எங்கள் சனசமூக நிலையப் பிள்ளைகளை முல்லைத்தீவு மாவட்டத்து ஒட்டுசுட்டான் பக்கத்துக் குளக்கட்டு ஒன்றுக்குக் கூட்டிப்போனோம். கள்ளன் பொலிஸ் விளையாடலாமா அண்ணா என்று கேட்டார்கள். மறுத்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன் ஓர் இளைஞர் முகாமில் (போர் முடிந்த 2009இல் செட்டிக்குளம் இடம்பெயர்ந்தோர் முகாம்களில் இருந்தவர்களிடம் 'முகாம்' என்ற சொல்லையே யோசித்துத்தான் சொல்ல வேண்டும்) பிள்ளைகளை இரண்டு படைகளாக்கி, பற்றைக்குள் பதுங்கவைத்து, விசிலடித்துத் துரத்தவிட்டார்கள். வேலிக்கரையில் நின்று பார்த்த அம்மா ஒருவர் பேசாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஓடி வந்தவர்கள் இருக்கிற ஊர் இது.

அதனால் துரத்துவதை விட்டுத் தடம் பிடிப்பதை எடுத்தோம். 1912இல் இலங்கைக்கு வந்த சாரணியத்தின் பழைய விளையாட்டுத்தான். இருவர் முந்திப் போய்க் குறி வைப்பார்கள். கல்லில் அம்பு வைத்தால் இந்த வழி. குறுக்கே இரு தடி கிடந்தால் இது வழியில்லை. வட்டத்துக்குள் புள்ளி என்றால் வீட்டுக்குப் போய்விட்டேன். கென்யாவில், சாரணியத்தைத் தொடங்கிய பேடன் பவலின் கல்லறையிலும் அந்த வட்டமும் புள்ளியும் இருக்கின்றன என்றேன். "செத்த பிறகும் விளையாடுகிறார்" என்றான் ஒரு பொடியன்.

அன்றைக்கு உண்மையான வாத்தியார் நானல்ல, பட்டி வைத்திருக்கும் பெரியப்பா ஒருவர். எருமை காணாமல் போனால் அடி, அதாவது காலடித் தடம், பார்த்தே தேடிப் பிடிப்பவர். வற்றிய குளத்தின் சேற்றோரம் குந்தியிருந்து காட்டினார். விளிம்பு கூராக நின்றால் புது அடி. உதிர்ந்து, மேலே எறும்பு ஊர்ந்த கோடும் இருந்தால் பழையது. சேற்றில் பன்றி நடந்தால் குளம்புக்குப் பின்னால் இரண்டு சிறு பொட்டுகள் பதியும். யானையின் முன்னங்கால் அடியைச் சுற்றி அளந்து இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம். ஒரு பிள்ளை இரட்டைப் பின்னலின் ரிபன் இரண்டையும் அவிழ்த்து முடிந்து, சுற்றிப் பிடித்து அளந்தாள். நான்கடி. "அப்படியென்றால் எட்டடி ஆனை!" நல்லவேளை, அது பழைய அடி. புதிதாக இருந்திருந்தால் விளையாட்டை அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

இடம் விடயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017இல்; அகற்றும் வேலை அதற்குப் பிறகும் நீண்டுகொண்டே வந்திருக்கிறது. மண்டையோட்டுப் பலகையைக் காணவில்லை என்பதற்காகப் பிள்ளைகளைப் பற்றைக்குள் இறக்காதீர்கள். துப்புரவாக்கிக் கையளித்த, சனம் நாளாந்தம் நடமாடுகிற தரை மட்டுமே போதும். வழியில் எதைக் கண்டாலும் தொடக்கூடாது என்பதையும் விளையாட்டு விதியாகவே சொல்லிவையுங்கள்.

வெயில் ஏறிய நேரம் ஆலமரத்தடியில் வட்டமும் புள்ளியும் கிடந்தன. முந்திப் போன இருவரையும் காணவில்லை. தேடிப் போனால், இரண்டு பேரும் உண்மையிலேயே வீட்டுக்குப் போய்ச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள்.