வெளியூர்ப் பெண் என்பது ஒரு தகுதியா?

நர்சிங் முடித்துவிட்டு முதல் வேலை தேடித் தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வரும் பிள்ளைகளிடம் பல தனியார் மருத்துவமனைகள் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா? "விடுதியில் தங்கிக்கொள்வீர்களா, சிஸ்டர்?" மதிப்பெண் பட்டியலைப் புரட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பொதிகை எக்ஸ்பிரஸில் வந்திறங்கிய காலத்தில் என்னையும் அப்படித்தான் கேட்டார்கள். இப்போது வார்டு இன்சார்ஜாக நேர்முகத் தேர்வு அறையில் நானும் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காருகிறேன். கேள்வி மாறவில்லை. விடுதியில் இருக்கும் பெண் கூப்பிட்ட நேரத்துக்கு வருவாள். காலை ஷிஃப்டுக்கு ஒருவர் வராவிட்டால், இரவு முழுக்க நின்றவளையே மதியம் வரை நிறுத்திவைக்கலாம். அவளுக்காக வீட்டில் யாரும் சாப்பாட்டுடன் காத்திருக்கப் போவதில்லை. தட்டிக்கேட்க அண்ணனோ மாமாவோ வரவேற்பறையில் வந்து நிற்கப் போவதும் இல்லை. மற்றதெல்லாம் சமமாக இருந்தால் உள்ளூர்ப் பெண்ணை விட்டுவிட்டு வெளியூர்ப் பெண்ணை எடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது தனிக் கதை.

அதனால்தான், ஊரைவிட்டு வந்ததையே ஒரு குறையாக நினைத்து ஃபைலை மடியில் அணைத்துக்கொண்டு நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. மருத்துவமனைக்காரர்கள் உங்களுக்கு உபகாரம் செய்யவில்லை. அவர்களுக்கு ஆள் வேண்டும், அதிலும் உங்களைப் போன்ற ஆள்தான் வேண்டும். அதை மனதில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

"2 ஆண்டு அனுபவம் அவசியம்" என்ற விளம்பர வரியைப் பார்த்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு ஆள் எடுக்க 2020 முதல் நடக்கும் நார்செட் தேர்வில் பி.எஸ்சி. நர்சிங் முடித்தவரிடம் அனுபவம் கேட்பதில்லை. ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்தவரிடம்தான் குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு கேட்கிறார்கள். தொடக்கமே ஏழாம் ஊதிய நிலை, அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். எய்ம்ஸுக்குப் புதியவர் போதும், தெருமுனையில் இருக்கும் முப்பது படுக்கை மருத்துவமனைக்குப் போதாதாம்! "அனுபவம் இல்லையே" என்று இழுப்பது பெரும்பாலும் சம்பளத்தை இறக்குவதற்குத்தான். இழுத்த கையோடு "நாளைக்கே சேர முடியுமா?" என்று கேட்பார்கள் பாருங்கள்.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஒரிஜினல் சான்றிதழ்களைக் கொடுக்காதீர்கள்.

என்னுடன் விடுதியில் இருந்த தென்காசிப் பக்கத்துப் பெண் ஒருத்தி வேலைக்குச் சேர்ந்த அன்று நடந்தது இது. சரிபார்ப்பதற்கு என்று சொல்லிப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து பட்டச் சான்றிதழ் வரை எல்லாவற்றையும் வாங்கினார்கள். பழுப்பு உறையில் போட்டு, மேலே ஸ்கெட்ச் பேனாவால் பணியாளர் எண்ணை எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டினார்கள். வாங்கிக்கொண்டதற்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போய் அவள் ஊருக்குத் திரும்ப நினைத்தபோது, மூன்று மாதச் சம்பளத்தைக் கட்டினால்தான் அந்த உறை வெளியே வரும் என்றார்கள். வட்டிக்கு வாங்கித்தான் கட்டினாள்.

சரிபார்க்க வேண்டியது மருத்துவமனையின் கடமை, அதை மறுக்கவில்லை. ஒரிஜினலைக் காட்டுங்கள். உங்கள் கண்ணெதிரே நகலுடன் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கட்டும். தரச்சான்று பெற்ற மருத்துவமனை என்றாலும் கோப்பில் நகல் இருந்தால் போதும். ஒப்பந்தத்தில் கையெழுத்து போடுவது வேறு, சான்றிதழைப் பிணையாகப் பிடித்துவைப்பது வேறு. கல்விச் சான்றிதழ் விற்பனைப் பண்டம் அல்ல, அதைப் பிணையாக வைத்துக்கொள்ள முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதை அங்கே உட்கார்ந்து வாதாடச் சொல்லவில்லை. "மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும், ஒரிஜினல் தேவைப்படுகிறது, நகல் தருகிறேன்" என்று அமைதியாகச் சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு இடம் கிடைக்கும்.

இன்னொரு கயிறு அனுபவச் சான்றிதழ். நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மனதில் வளைகுடாவோ பிரிட்டனோ ஜெர்மனியோ இருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. வளைகுடா நாடுகளில் செவிலியராக வேலை பார்க்கும் உரிமத்துக்கு விண்ணப்பித்தால் நீங்கள் காட்டும் அனுபவத்தை, நீங்கள் வேலை பார்த்த மருத்துவமனைக்கே எழுதிக் கேட்டுச் சரிபார்ப்பார்கள். எந்தப் பிரிவு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை படுக்கை என்பதெல்லாம் மருத்துவமனையின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். எனவே சேரும்போதே பணி நியமன ஆணையை எழுத்தில் கேளுங்கள். சம்பளம் வங்கியில் வருமா, சம்பளச் சீட்டு உண்டா, பி.எஃப். பிடிப்பார்களா என்றும் கேளுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுக்கும் இடத்தில் இரண்டு ஆண்டு உழைத்தாலும், நீங்கள் அங்கே இருந்ததற்கு ஆதாரம் இருக்காது.

நேர்முகத் தேர்வைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 500 மி.லி. நார்மல் சலைன் 4 மணி நேரத்தில் ஏற வேண்டும், சலைன் செட்டில் ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் நிமிடத்துக்கு எத்தனை சொட்டு என்று கேட்டால் 42 என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பொட்டாசியம் குளோரைடை நரம்பில் நேரடியாகத் தள்ளக் கூடாது என்பது தூக்கத்திலும் நினைவிருக்க வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற பெண்ணுக்கு நான் எப்போதும் கூடுதல் மதிப்பெண் போடுவேன். மழுப்புகிறவளிடம் மருந்துத் தட்டைக் கொடுக்க எனக்குப் பயம்.

அதைவிட, நீங்கள் அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "முதல் மாதம் நான் யாருடன் இருப்பேன்?" ஒரு சீனியரின் பெயரையோ, இத்தனை வாரம் பயிற்சி என்றோ பதில் வந்தால் நல்ல இடம். "அதெல்லாம் போகப் போகப் பழகிவிடும்மா" என்று வந்தால், இரண்டாவது வாரமே நைட் டூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் உங்கள் தலையில் கட்டப் போகிறார்கள் என்று பொருள். சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் முதல் இடத்தையே தேர்ந்தெடுங்கள். இதில் என் சக ஊழியர்கள் பலருக்கு என்னோடு உடன்பாடில்லை. தண்ணீரில் தள்ளினால்தான் நீச்சல் வரும் என்பது அவர்கள் கட்சி. மூழ்கினால் சாவது கட்டிலில் படுத்திருப்பவர் அல்லவா?

பெங்களூரு, டெல்லி என்று மாநிலம் தாண்டிப் போகிறவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் பதிவைக் கவனியுங்கள். செவிலியராகவும் தாதியாகவும் வேலை பார்க்க நாம் செய்துகொள்ளும் ஆர்.என்.ஆர்.எம். பதிவு தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் குழுமம் அது, அலுவலகம் சாந்தோமில். வேறு மாநிலத்தில் வேலை பார்க்க அந்த மாநிலக் குழுமத்திலும் பதிய வேண்டும், அதற்கு இங்கிருந்து தடையில்லாச் சான்று போக வேண்டும். ஊரில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிட்டால் அங்கே போய் அறை வாடகை கொடுத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. 2023-இல் தேசியச் செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. ஒரே நாட்டுக்குள் எல்லை தாண்டினால் மறுபடி வரிசையில் நிற்கும் இந்தக் கூத்தை அதுவாவது முடித்துவைத்தால் சரி.

இதையெல்லாம் படித்துவிட்டு நிர்வாகத் தரப்பு நண்பர்கள் வழக்கமான பதிலோடு வருவார்கள். "பயிற்சி கொடுத்து ஆளாக்கினால் ஒரே ஆண்டில் பறந்துவிடுகிறார்கள், அதனால்தான் பீரோவில் பூட்டுகிறோம்." ஏன் பறக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்தீர்களா? உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் உத்தரவிட்டு அமைந்த நிபுணர் குழு, 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையில்கூடச் செவிலியருக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது. 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் என்றது. கேரளத்துச் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடி, 2018-இல் அந்த 20,000-ஐக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக அரசாணையில் ஏற்றிவிட்டார்கள். இங்கே இன்றும் புதிதாகச் சேரும் பெண் 12,000, 13,000 என்று சொல்வதைக் கேட்கிறேன், அதிலும் விடுதிப் பிடித்தம் போக. முதலில் அந்த 20,000-ஐக் கொடுத்துப் பாருங்கள். அதன் பிறகும் ஓடினால் பீரோவைப் பற்றிப் பேசுவோம்.

தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் தங்கைகள், நியமன ஆணை கைக்கு வந்ததும் கையெழுத்து போடுவதற்கு முன் எனக்கு அனுப்புங்கள். டூட்டி இல்லாத நேரத்தில் படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.