சாவிக்கொத்தை வாங்கிய கை

பெரிய பொறுப்பை ஏற்பவருக்கு எழும் ‘எனக்குத் தகுதி இருக்கிறதா’ என்ற அச்சம் பலவீனம் என்று சொல்லும் ஒரு கட்டுரையைப் படித்தேன்; அதை என்னால் ஏற்க முடியவில்லை. மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன், 1960இல் தொழிலாளர்களின் பங்குப் பணத்தில் தோட்டங்களை வாங்கும் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, அமைச்சராக இருந்தும் தோட்டம் தோட்டமாகச் சென்று அவர்களிடம் அந்தப் பணத்தைக் கேட்டார். பதவியைப் பெரிதாக நினைப்பவரால் அப்படிப் படியேறிக் கேட்க முடியாது.

தோட்டத்து மாரியம்மன் ஆலயத் தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்த அன்று, ரப்பர் பால்மரம் வெட்டியே காய்ப்பேறிய கையால் முன்னாள் தலைவர் சாவிக்கொத்தையும் கணக்குப் புத்தகத்தையும் நீட்டியபோது, வாங்கிய என் கை நடுங்கியது. அந்த நடுக்கம் இன்னும் இருப்பதால்தான் ஒவ்வொரு ரசீதையும் இருமுறை சரிபார்க்கிறேன். தெரியாததை அந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொள்கிறேன்.