அப்படியே திரும்பிப் போற கரண்டு

(மும்பை தாராவி, தொண்ணூறடி ரோட்டை ஒட்டின சந்து. இசக்கிமுத்து இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து வீட்டுச் செல்வி, பத்தாங்கிளாஸ், கடைப் பலகையில் உட்கார்ந்து படிக்கிறாள். சத்தம் போட்டுப் படிக்கிறாள், அதுதான் வினை.)

செல்வி: "உள்ளே நுழையும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமம்..."

இசக்கி: நில்லுட்டி. இந்தப் பெட்டிக்குள்ள போற கரண்டு என்னாகும்?

செல்வி: அப்படியே திரும்பிப் போயிரும் மாமா.

இசக்கி: பெட்டி கொஞ்சம்கூடத் திங்காதா?

செல்வி: ஒரு எலக்ட்ரானைக்கூடத் திங்காது.

இசக்கி: (பெட்டியை நிமிர்த்தி வைக்கிறார்) அப்ப லைட் பில் எதுக்குட்டி?

செல்வி: உங்ககிட்ட வர்ற சட்டையும் ஒரு பட்டன் குறையாமத் திரும்பிப் போகுது. நீங்க காசு வாங்கலையா?

இசக்கி: சுருக்கம் எடுத்திருக்கேன்லா! கூலி வேண்டாமா?

செல்வி: அதேதான். கரண்டுக்குக் காசில்ல, நடக்குற வேலைக்குத்தான். இது 1000 வாட் பெட்டி. ஒரு மணி நேரம் விடாம இழுத்தா 1 யூனிட்.

இசக்கி: அந்த வேலைக்கு எத்தனை பேரு வாரான்?

செல்வி: 230 வோல்ட்டுல 1000 வாட்னா 4.3 ஆம்பியர் சொச்சம். 1 ஆம்பியர்னாலே, செகண்டுக்குச் சுமார் 62,000 கோடி கோடி எலக்ட்ரான்.

இசக்கி: கோடிக்குக் கோடியா? ஊழல் கேசுலகூட இப்படி ஒரு தொகை கேட்டதில்லையே! அம்புட்டும் டிராம்பே பவர் ஹவுஸ்லேருந்து ஓடி வருதாக்கும்?

செல்வி: எங்கேயிருந்தும் வரல. உங்க வயர்ல உள்ள செம்புலயே இருக்கு.

இசக்கி: லோஹார் சால்ல நான் காசு குடுத்து வாங்கின வயர்லயா?

செல்வி: ஆமா.

இசக்கி: என் எலக்ட்ரானுக்கு எனக்கே பில்லு! நல்லா இருக்குட்டி நியாயம்.

செல்வி: தள்ளிவிடுறது அவங்க மாமா. வோல்ட்டுன்னா அந்தத் தள்ளுதான்.

இசக்கி: சரி, சுவிட்சைப் போட்ட உடனே பாஞ்சு வருதுல்லா, அந்த வேகத்துக்காவது குடுக்கலாம்.

செல்வி: பாயாது. ஒரே பக்கமாத் தள்ளினாக்கூட, இந்த மாதிரி வயர்ல ஒரு மீட்டர் நகர ஒரு மணி நேரம் கிட்ட ஆகும்.

இசக்கி: அதுக்குள்ள நான் சயான் ஸ்டேஷனுக்கு நடந்தே போயி டீயும் குடிச்சிட்டு வந்துருவேனே! பெறகு பெட்டி எப்படி உடனே சுடுது?

செல்வி: எலக்ட்ரான்தான் மெதுவு. தள்ளு கிட்டத்தட்ட ஒளி வேகத்துல போகும், வயர் பூரா இருக்குறது ஒண்ணாக் கிளம்பிரும். அதுவும் வீட்டுக்கு வர்றது ஏசி, திசை மாறி மாறி ஓடுற கரண்டு. செகண்டுக்கு 50 தடவை முன்னயும் பின்னயும் ஆடும். ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட நகராது.

இசக்கி: ஏட்டி... இருந்த இடத்துல நின்னு ஆடுறவனுக்கா மாசாமாசம் தெண்டம் அழுதேன்?

செல்வி: ஆடும்போது பெட்டிக்குள்ள இருக்குற நைக்ரோம் கம்பியோட அணுவுல மோதுது மாமா. அதுக்கு மின்தடை ஜாஸ்தி, அதான் சூடு. செம்புக்குக் கம்மி, அதான் வயர் சுடல.

இசக்கி: எனக்குத்தான் சுடுது. பேசாம பழைய கரிப்பெட்டியை எடுத்திர வேண்டியதுதான்.

செல்வி: கரி வாங்கக் காசு வேண்டாமா?

இசக்கி: வேணும்தான். ஆனா எரிஞ்சா சாம்பலாகுதுல்லா? குடுத்த காசு எங்க போச்சுன்னு கண்ணால பாத்துக்கிடலாம்.