ஏஜென்ட் யார், ஆபீசர் யார்?

‘சிஐஏ ஏஜென்ட் கைது’, ‘எம்ஐ6 ஏஜென்ட் வெளியேற்றம்’ என்று நம் செய்திகளில் வரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. (சிஐஏ அமெரிக்க உளவுத்துறை, எம்ஐ6 பிரிட்டிஷ் உளவுத்துறை.) மாஸ்கோவில் தூதரக வேலை என்ற பெயரில் உட்கார்ந்து சிஐஏவிடம் சம்பளம் வாங்கும் அமெரிக்கர் ஏஜென்ட் இல்லை. அவர் கேஸ் ஆபீசர். தன் சொந்த அலுவலகத்துக் காகிதத்தைப் படமெடுத்து அவரிடம் சேர்க்கும் ரஷ்யர்தான் ஏஜென்ட். (அமெரிக்க உள்நாட்டுப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐ மட்டும் தன் ஊழியர்களையே ஸ்பெஷல் ஏஜென்ட் என்கிறது. குழப்பத்தில் பாதி அங்கிருந்து வந்தது.) மாட்டிக்கொண்டால் ஆபீசர் விமானம் ஏறுவார், ஏஜென்ட் சிறைக்குப் போவார் அல்லது சுடப்படுவார். இருவருக்கும் ஒரே சொல்லைப் போட்டால் உயிரைப் பணயம் வைத்தவர் யார் என்பதே மறைந்துபோகிறது. செய்தி எழுதுகிறவர்கள் இரண்டு விஷயங்களைப் பார்த்தால் போதும்: பிடிபட்டவர் எந்த நாட்டுக் குடிமகன், அவர் பெயர் தூதரகப் பட்டியலில் இருக்கிறதா.

உளவுத் தொழிலின் ஆங்கிலச் சொற்களைப் பலர் சினிமா அலங்காரமாக நினைக்கிறார்கள். அவை வேலைக் கருவிகள். ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட ஆபத்தைத் தடுக்க உண்டான ஏற்பாட்டின் பெயர். 1960க்கும் 1964க்கும் இடையில் லண்டனிலும் மாஸ்கோவிலும் நடந்த இரண்டு வழக்குகளைச் சேர்த்துப் படித்தாலே முக்கியமான சொற்கள் எல்லாம் வந்துவிடும்.

ஒலெக் பென்கோவ்ஸ்கி, சோவியத் ராணுவ உளவுத்துறையான ஜிஆர்யூவில் கர்னல். 1960 ஆகஸ்டில் மாஸ்கோவில் இரண்டு அமெரிக்க மாணவர்களை அணுகி, தூதரகத்தில் சேர்க்கச் சொல்லி ஒரு கடிதம் கொடுத்தார். இப்படித் தானாக முன்வருபவர் வாலன்டியர். தூதரகத்துக்குள்ளேயே நடந்து வந்துவிட்டால் வாக்-இன். இவர்களை உடனே யாரும் நம்புவதில்லை. எதிரி வேண்டுமென்றே முன்னால் தொங்கவிடும் இரையாகவும் இருக்கலாம், அதற்குப் பெயர் டாங்கிள். அதனால்தான் அவருடன் உட்கார்ந்து பேசும் முதல் சந்திப்பு 1961 ஏப்ரலில், அவர் அரசுக் குழுவுடன் லண்டன் வந்தபோதுதான் நடந்தது. எட்டு மாதம். ஆள் சேர்ப்பதற்கான காரணங்களைப் பணம், கொள்கை, மிரட்டல், தன்முனைப்பு என்று நான்காகச் சொல்வார்கள். ஆங்கில முதலெழுத்துகள் சேர்ந்தால் ‘மைஸ்’. பாடப்புத்தகத்துக்கு அது சரி. நிஜ மனிதரிடம் நான்கும் கலந்துதான் இருக்கும், பென்கோவ்ஸ்கியிடம் மனக்கசப்பும் பெருமையும் அதிகம்.

அவர் மினாக்ஸ் என்ற சிறு கேமராவால் 5,000க்கும் மேற்பட்ட பிரேம்கள் எடுத்தார். படம் எடுப்பது இந்த வேலையின் சுலபமான பகுதி. எடுத்ததைக் கைமாற்றுவதில்தான் ஆட்கள் சாகிறார்கள். மாஸ்கோவில் அவருடைய பிலிம்களை வாங்கியவர் ஜேனட் சிஷோம், பிரிட்டிஷ் தூதரகத்தில் இருந்த உளவு ஆபீசரின் மனைவி. குழந்தைகளோடு பூங்காவில் இருப்பார். கடந்துபோகும் பென்கோவ்ஸ்கி குழந்தைகளுக்கு மிட்டாய்ப் பெட்டி கொடுப்பார், பிலிம் அதற்குள். பார்க்க அழகான ஏற்பாடு. இதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. ஒன்று, சந்திப்புகள் அடிக்கடி நடந்தன. ஒரே பெண்ணும் ஒரே ஆணும் திரும்பத் திரும்ப அருகருகே தென்பட்டால் பின்தொடர்பவன் கண்ணில் அது பதிந்துவிடும். இரண்டாவது இன்னும் மோசம். ஜேனட்டின் கணவரோடு பெர்லினில் வேலை பார்த்த ஜார்ஜ் பிளேக் சோவியத்தின் ஆள். கணவரின் கவர், அதாவது வெளியுலகுக்குக் காட்டும் தூதரகப் பதவி, மாஸ்கோ வருவதற்கு முன்பே கிழிந்திருந்தது. கவர் கிழிந்தவரின் குடும்பத்தையே தொடர்புக்குப் பயன்படுத்தியது பெரும் பிழை என்பது என் உறுதியான கருத்து.

நேரில் பார்க்காமல் பொருள் மாற்றுவது டெட் டிராப். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘பொருளை ஒளித்து வைக்கும் இடம்’ என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். இடம் அதில் ஒரு பங்குதான். இரண்டு பேருக்கும் அங்கே போக இயல்பான காரணம் இருக்க வேண்டும். சில விநாடிகள் யார் கண்ணிலும் படாத மறைவு வேண்டும். துப்புரவுப் பணியாளரோ விளையாடும் பிள்ளையோ நாயோ மழையோ பொருளைத் தொடக் கூடாது. பிறகு சிக்னல்கள், அவை வேறொரு இடத்தில் இருக்கும்: ‘வைத்துவிட்டேன்’ என்பதற்கு ஒன்று, ‘எடுத்துக்கொண்டேன்’ என்பதற்கு இன்னொன்று. எடுக்கப் போகும் ஆபீசர் நேராக அங்கே போக மாட்டார். கடை, பஸ், நடை என்று மணிக்கணக்கில் சுற்றி, பின்னால் யாரும் இல்லை என்று உறுதிசெய்த பிறகே திரும்புவார். சந்தேகம் துளி இருந்தாலும் அன்றைய வேலை ரத்து. பொருள் வெகுநேரம் கிடக்கக் கூடாது, ஏனென்றால் வைத்தவரும் எடுப்பவரும் கட்டுப்படுத்த முடியாத நேரம் அது ஒன்றுதான்.

பென்கோவ்ஸ்கிக்குக் கொடுத்த டெட் டிராப், புஷ்கின் தெருவில் ஒரு கட்டடத்தின் நுழைவுக் கூடத்தில், சூடேற்றும் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு கொக்கி. தீப்பெட்டியைக் கம்பியால் சுற்றி அதில் மாட்ட வேண்டும். குடுசோவ்ஸ்கி சாலையில் 35ஆம் எண் விளக்குக் கம்பத்தில் ஒரு குறி, கூடவே பேச்சில்லாத ஒரு தொலைபேசி அழைப்பு: இவைதான் சிக்னல். 1962 நவம்பர் 2 அன்று இரண்டும் ஒழுங்காக வந்தன. தீப்பெட்டியும் கொக்கியில் இருந்தது. எடுக்கப் போன அமெரிக்க ஆபீசரை அங்கேயே பிடித்தார்கள். பென்கோவ்ஸ்கியை அக்டோபர் 22ஆம் தேதியே கைதுசெய்து ஏற்பாடு முழுவதையும் சோவியத் பாதுகாப்பு அமைப்பான கேஜிபி அவரிடமிருந்து தெரிந்துகொண்டிருந்தது. கம்பத்துக் குறிக்கு அதைப் போட்டது யார் கை என்று சொல்லத் தெரியாது. அதனால்தான் நல்ல ஏற்பாட்டில் ‘கட்டாயத்தில் இருக்கிறேன்’ என்பதற்கும் ஒரு சிக்னல் இருக்கும். பெரும்பாலும் ஒரு சிறு விடுபடல், ஒரு வார்த்தை குறைவது போல. சேர்ப்பதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பதால் விடுவதையே அடையாளமாக வைப்பார்கள்.

அதே நவம்பர் 2 அன்று புடாபெஸ்டில் கிரெவில் வின் கைதானார். பிரிட்டிஷ் வியாபாரி, பென்கோவ்ஸ்கிக்கும் லண்டனுக்கும் இடையே கடிதமும் பிலிமும் சுமந்தவர். இவர் கட்-அவுட். நம் ஊர்த் தியேட்டர் வாசல் கட்-அவுட் வேறு. இங்கே அது இரு பக்கத்தையும் ஒன்றையொன்று தொடாமல் வைக்கும் இடைநபர். தூதரகப் பாதுகாப்பு அவருக்குக் கிடையாது. எட்டாண்டு தண்டனை. டெட் டிராப்பில் பிடிபட்ட அமெரிக்கரோ நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார், அவ்வளவுதான். பென்கோவ்ஸ்கியை 1963 மே மாதம் சுட்டுக் கொன்றார்கள். ஒரே வழக்கு, மூன்று சொற்கள், மூன்று முடிவுகள்.

இனி லண்டன் பக்கம். கோனன் மொலோடி ரஷ்யர், ஆனால் லண்டனில் அவர் கார்டன் லான்ஸ்டேல் என்ற கனடியர், ஜூக்பாக்ஸ் வாடகைக்கு விடும் வியாபாரி. தூதரகத்தோடு ஒட்டில்லாமல் பொய்ப் பெயரில் வாழும் ஆபீசருக்கு இல்லீகல் என்று பெயர். பிறப்புச் சான்றிதழில் தொடங்கி அவருக்காகக் கட்டும் வாழ்க்கை வரலாறு லெஜெண்ட். லான்ஸ்டேல் என்ற குழந்தை நிஜமாகவே கனடாவில் பிறந்ததால் காகிதமெல்லாம் உண்மை. ஆனால் அந்தக் குழந்தைக்குச் சுன்னத் செய்யப்பட்டிருந்ததை அதன் மருத்துவர் வழியாகக் கண்டுபிடித்தார்கள், சிறையில் இருந்தவருக்குச் செய்யப்படவில்லை. லெஜெண்ட் கட்டுகிறவர்கள் காகிதத்தைப் பார்த்தார்கள், உடம்பைப் பார்க்கவில்லை. அவரை முதலில் காட்டிக்கொடுத்தது இதுவல்ல. போலந்து உளவுத்துறையிலிருந்து அமெரிக்கர்களுக்குத் தகவல் கொடுத்த ஒருவர் போர்ட்லண்ட் கடற்படை ஆய்வு நிலையத்தில் இருந்த கசிவைப் பற்றிச் சொல்ல, அங்கு வேலை செய்த ஏஜென்டைப் பின்தொடர்ந்து லான்ஸ்டேலை அடைந்தார்கள். 1961 ஜனவரி 7 அன்று கைது.

அந்த வலையின் ரேடியோ வேலையைப் பார்த்த தம்பதி லண்டன் புறநகரான ரைஸ்லிப்பில் பழைய புத்தக வியாபாரிகளாக வாழ்ந்தார்கள். அவர்கள் வீட்டில் மேசை லைட்டருக்குள் ஒளித்து வைத்திருந்தது ஒன் டைம் பேட், செய்தியை ரகசிய எண்களாக மாற்ற உதவும், எண்கள் அச்சிட்ட சிறு தாள்கள். இதைக் கையாலேயே செய்து பார்க்கலாம். செய்தியை எண்ணாக்கி ஐந்தைந்தாகப் பிரித்தால் 30417 வருகிறது என்று வைப்போம். தாளில் உள்ள சாவி, அதாவது செய்தியோடு கூட்ட வேண்டிய எண், 58926. இலக்கம் இலக்கமாகக் கூட்டுங்கள், பத்தோ அதற்கு மேலோ வந்தால் பத்தை அடுத்த இலக்கத்துக்கு எடுத்துச் செல்லாமல் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் எழுதுங்கள்: 88333. வாங்குபவர் அதே முறையில், போதாத இடத்தில் பத்தைச் சேர்த்துக்கொண்டு, சாவியைக் கழித்தால் 30417 திரும்பி வரும். சாவி உண்மையிலேயே தற்செயலாக இருந்து, ஒருமுறை மட்டும் பயன்பட்டு, எரிக்கப்பட்டால் எந்தக் கணினியாலும் உடைக்க முடியாது. கண்ணாடி மேல் ஒற்றைத் தாளாக வைத்து எழுத வேண்டும், கீழே இன்னொரு தாள் இருந்தால் பேனா அழுத்தம் பதிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

அதே தாளை இரண்டாவது செய்தி 71250க்கும் போட்டால் 29176 வரும். 88333லிருந்து 29176ஐ அதே முறையில் கழித்தால் 69267. 30417லிருந்து 71250ஐக் கழித்தாலும் 69267. சாவி கரைந்து போய்விட்டது; இரண்டு செய்திகளின் வித்தியாசம் மட்டும் கையில் நிற்கிறது, அதிலிருந்து ஊகித்து ஊகித்து இரண்டையும் பிரிக்கலாம். 1942இல் போர் நெருக்கடியில் சோவியத் தரப்பு ஆயிரக்கணக்கான பக்கங்களை இரட்டித்து அச்சிட்டது. சோவியத் ரகசியச் செய்திகளை உடைக்க முயன்ற அமெரிக்காவின் வெனோனா திட்டம் 1943இல் தொடங்கி 1980 வரை அந்த ஒரு தவறைத்தான் தோண்டியது. அணு விஞ்ஞானி கிளாஸ் ஃபூக்ஸ் அகப்பட்டது அப்படித்தான்.

1964 ஏப்ரலில் பெர்லினில் வின்னைக் கொடுத்து மொலோடியை மாற்றிக்கொண்டார்கள். இதற்கு ஸ்பை ஸ்வாப் என்று பெயர். ஆபீசரும் இடைநபரும் இப்படித் திரும்பி வருவார்கள், ஏனென்றால் அவர்களைத் திருப்பிக் கேட்க ஒரு நாடு இருக்கிறது. ஏஜென்ட் தன்னைப் பிடித்த நாட்டின் குடிமகன், சட்டப்படி துரோகி, அவரைக் கேட்கும் நாடு அபூர்வம். 2010 ஜூலையில் வியன்னா விமான நிலையத்தில், அமெரிக்கா திருப்பி அனுப்பிய பத்துப் பேருக்குப் பதிலாக ரஷ்யா விடுவித்த நால்வரில் ஒருவர் அப்படிப்பட்ட ஏஜென்ட்: செர்கெய் ஸ்கிரிபால், பிரிட்டனுக்கு வேலை செய்ததற்காக 2006இல் 13 ஆண்டு தண்டனை பெற்ற முன்னாள் ஜிஆர்யூ கர்னல். எட்டாண்டு கழித்து, 2018 மார்ச்சில், சாலிஸ்பரியில் அவருக்கும் மகளுக்கும் நோவிசோக் நஞ்சு வைக்கப்பட்டது. இருவரும் பிழைத்தார்கள். அதே நஞ்சு இருந்த வாசனைத் திரவியப் புட்டியால், இவர்களோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு பெண் அந்த ஜூலையில் இறந்தார்.